மைஎஸ்க்யூஎல்-இலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: ஒரு தமிழ் நூல் விற்பனைத் தளத்தின் தரவு இடமாற்றம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இணையத்தில் தமிழ் நூல்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் தளம் இது. நூல் பட்டியல், ஆர்டர், வாடிக்கையாளர் கணக்கு, பதிப்பாளர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்வது என்று எல்லாமே பிஎச்பியில் எழுதிய ஒரே செயலிக்குள் இருந்தன. தரவு மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்பில்: 58 அட்டவணைகள், ஏறத்தாழ 14 ஜிபி. அதில் பாதிக்கு மேல் நூல்களின் மாதிரிப் பக்கங்கள். பிடிஎஃப் கோப்புகளை அட்டவணைக்குள்ளேயே பிளாபாக (வெறும் பைட்டுத் தொகுப்பாக) போட்டு வைத்திருந்தார்கள். மைஎஸ்க்யூஎல்-இன் இரண்டு சேமிப்பு வகைகளில், பழைய அட்டவணைகள் மைஐசாம், பின்னால் சேர்த்தவை இன்னோடிபி.

5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்ததால் அதிலேயே தொடர முடியாது. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு ஏறுவதுதான் எளிய வழி. ஆனால் நிறுவனத்தின் கிடங்கு மென்பொருள் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பராமரிக்க இருந்தவர் ஒருவர். காப்புப்பிரதி, கண்காணிப்பு, மேம்படுத்தல் எல்லாவற்றையும் இரண்டு முறையில் செய்வது அவருக்குச் சுமையாக இருந்தது. அதனால்தான் போஸ்ட்கிரெஸ் தேர்வானது. கிடங்கு மென்பொருள் இல்லாதிருந்தால் 8.0-க்கு ஏறுவதே சரியான முடிவாக இருந்திருக்கும். வேகத்தையோ புகழையோ நம்பி இப்படி ஒரு இடமாற்றத்தில் இறங்குவதற்குக் காரணமே இல்லை.

இரண்டு நிரலாளர்கள், கிடங்கு மென்பொருளைப் பார்த்துக்கொண்ட நிர்வாகி, பட்டியலைப் பராமரிக்கும் ஒரு நூலகர் ஆகிய நால்வர் கொண்ட குழு வேலையை எடுத்துக்கொண்டது. நூலகரைச் சேர்த்தது எவ்வளவு பயன்பட்டது என்பது பின்னால் தெரிந்தது.

முதல் ஆய்வில் தெரிந்தவை

கருவி எதையும் தொடும் முன், ஒவ்வொரு புலத்திலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அட்டவணை அமைப்பு சொல்வதும் உள்ளே கிடப்பதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

வெளியீட்டு நாள் தெரியாத நூல்களுக்கு ஆண்டு, மாதம், நாள் மூன்றும் சுழியாக ஒரு தேதி இருந்தது. மைஎஸ்க்யூஎல் கண்டிப்பில்லாத முறையில் ஓடியதால் அதை ஏற்றுக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் அப்படி ஒரு தேதியை ஏற்காது.

ஆர்டரின் நிலையைக் குறிக்கும் புலம் டைனிஇன்ட்(1) என்ற மிகச் சிறிய முழுவெண் வகை. பெயரைப் பார்த்தால் ஆம்–இல்லை போலத் தோன்றும். உள்ளே 0, 1, 2 மூன்றும் இருந்தன. 2 என்றால் ரத்து. இடமாற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த கருவியான பிஜிலோடர், டைனிஇன்ட்(1) புலங்களை இயல்பாகவே பூலியனாக, அதாவது மெய்–பொய் வகையாக, மாற்றும். அந்த மாற்றத்தில் 0 மட்டும் 'பொய்', மற்றதெல்லாம் 'மெய்'. அப்படியே விட்டிருந்தால் ரத்தான ஆர்டர்கள் அத்தனையும் நிறைவேறியவை ஆகியிருக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வந்திருக்காது, பதிவுகளின் எண்ணிக்கையும் சரியாகவே இருந்திருக்கும்.

நேரப் புலங்கள் இரண்டு வகை. டேட்டைம் புலங்களில் இந்திய நேரம் வெறும் எழுத்தாகக் கிடந்தது. அது எந்த ஊர் நேரம் என்ற தகவல் புலத்தில் கிடையாது. டைம்ஸ்டாம்ப் புலங்களில் உள்ளே உலக நேரம் இருக்கும், படிக்கும்போது இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாறி வரும். பிஜிலோடர் இரண்டையுமே நேர மண்டலம் உள்ள வகைக்குத்தான் மாற்றும். இணைப்பு உலக நேரத்தில் இருந்தால் காலை 10 மணி ஆர்டர் மாலை 3.30 என்று தெரியும்.

இவை எல்லாம் எந்த நாட்டுத் தளத்திலும் வரக்கூடியவை. தமிழ்த் தளம் என்பதால் வந்த சிக்கல் வேறு, வேலையின் பெரும்பகுதியைத் தின்றதும் அதுதான்.

எழுத்துக்குறியீடு

தளம் தொடங்கிய காலத்தில் மைஎஸ்க்யூஎல்-இன் இயல்பான எழுத்துக்குறியீடு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1. யாரும் அதை மாற்றவில்லை. செயலி எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டில் பைட்டுகளை அனுப்பியது, தரவுத்தளம் அவற்றை லத்தீன் எழுத்துகள் என்று நினைத்து வாங்கி வைத்தது, படிக்கும்போது அதே பைட்டுகளைத் திருப்பித் தந்தது. திரையில் தமிழ் சரியாகவே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னாளில் வந்த நிரலாளர் புதிய அட்டவணைகளையும் அவற்றுக்கான இணைப்பையும் யூடிஎஃப்8-இல் அமைத்தார். இரவில் ஓடும் ஒரு நிரல் பழைய அட்டவணையிலிருந்து தலைப்புகளை எடுத்துத் தேடல் அட்டவணையில் நிரப்பியது. அந்த நிரலின் இணைப்பு யூடிஎஃப்8.

இதனால் தமிழ் மூன்று நிலைகளில் கிடந்தது. புதிய அட்டவணைகளில் சரியாக; பழைய அட்டவணைகளில் லத்தீன்1 என்ற பெயர்ப்பலகையின் கீழ்ச் சரியான பைட்டுகளாக; தேடல் அட்டவணையில் இருமுறை குறியேற்றப்பட்டு, உண்மையாகவே சிதைந்து.

பைட்டுகளைப் பார்த்தால் இவற்றைப் பிரித்துவிடலாம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள்: முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. 'க' என்பது 224, 174, 149. இருமுறை குறியேறிய தமிழில் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி மறுபடி குறியேறியிருக்கும். ஒரு குறிக்கு ஆறு அல்லது ஏழு பைட்டுகள் ஆகும், தொடக்கம் எப்போதும் 195, 160, 194 என்று இருக்கும். பதிவுகளை வகை பிரிக்க இந்த அடையாளமே போதுமாக இருந்தது.

சிதைந்ததைச் சரிசெய்ய நிரலாளர்களில் ஒருவர் முதலில் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினார்: சிதைந்த உரையை விண்டோஸ்-1252 குறியீட்டுக்கு மாற்றி, வரும் பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகப் படிப்பது. ஆங்காங்கே சில சொற்கள் சரியாயின, பெரும்பாலானவை பிழையில் நின்றன. காரணம் துல்லியமானது. விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. 'ஏ' 143-இல் முடியும், 'ஐ' 144-இல். புள்ளியோ உகரமோ இல்லாத தமிழ் வாக்கியத்தை எங்கே தேடுவது? கண்டிப்பான லத்தீன்-1-க்கு மாற்றிப் பார்த்தால் அந்த நான்கும் சரியாகிவிடும், ஆனால் 'க' போன்றவை சிக்கும்; ஏனென்றால் 149 ஏற்கெனவே லத்தீன்-1-இல் இல்லாத ஒரு குண்டுப்புள்ளிக் குறியாக மாறியிருக்கும்.

மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ்-1252. அதோடு அந்த ஐந்து காலி இடங்களையும் அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக ஏற்றுக்கொள்ளும். எனவே மைஎஸ்க்யூஎல் சிதைத்ததை மைஎஸ்க்யூஎல்-ஐக் கொண்டே திருப்புவதுதான் பாதுகாப்பு. தேடல் அட்டவணையில் உரையை லத்தீன்1-க்கு மாற்றி, பைனரியாக்கி, அந்தப் பைனரியை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்-இல் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆகப் படித்தார்கள். பழைய அட்டவணைகளில் புல வகையை முதலில் வார்பைனரியாகவும் (வெறும் பைட்டுகள்), பிறகு யூடிஎஃப்8எம்பி4 வார்கேராகவும் (எழுத்துகள்) மாற்றினார்கள். இடையில் பைனரி என்ற படி இல்லாமல் நேராக எழுத்துக்குறியீட்டை மட்டும் மாற்றினால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் லத்தீன் எழுத்தாக நினைத்து 'மாற்றிக்' கொடுத்துவிடும். நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

வழியில் இரண்டு தடைகள். பழைய மைஐசாம் அட்டவணைகளில் 255 எழுத்துப் புலங்கள் மீது இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டு) இருந்தது. யூடிஎஃப்8எம்பி4-இல் எழுத்துக்கு நான்கு பைட் வீதம் 1020 பைட். மைஐசாமின் வரம்பு 1000. அந்த அட்டவணைகளை முதலில் டைனமிக் வரிசை வடிவுள்ள இன்னோடிபியாக மாற்றிக்கொண்டார்கள். அதில் 3072 பைட் வரை இடமுண்டு.

அடுத்தது நீளமான தலைப்புகள். லத்தீன்1-இல் 255 எழுத்து என்றால் 255 பைட், அதாவது அதிகபட்சம் 85 தமிழ்க் குறிகள். நீண்ட தலைப்பும் துணைத் தலைப்பும் சேர்ந்தால் அது போதாது. கண்டிப்பில்லாத முறை மீதியைச் சத்தமில்லாமல் வெட்டியிருந்தது. தமிழ்க் குறிகள் மட்டும் இருந்தால் 255 மூன்றால் மீதியின்றி வகுபடும், வெட்டு எழுத்தெல்லையில் விழும். இடையில் ஒரு வெற்றிடம் இருந்தாலே கணக்கு தப்பி, கடைசி எழுத்து ஒரு பைட்டோ இரண்டு பைட்டோ மட்டும் மிஞ்சி நிற்கும். அப்படி அரைகுறை வால் உள்ள பதிவுகளில் பைனரியிலிருந்து வார்கேர் மாற்றம் நின்றுபோனது. நீளம் சரியாக 255 பைட் உள்ள பதிவுகளைத் தனியே எடுத்து, வாலை வெட்டி, பட்டியலை நூலகரிடம் கொடுத்தார்கள். அவர் பதிப்பாளர்களின் விலைப்பட்டியல்களைப் பார்த்து முழுத் தலைப்புகளைத் திரும்ப உள்ளிட்டார். எந்தக் கருவியாலும் செய்ய முடியாத வேலை இது. தலைப்பில் வெட்டுண்ட பகுதி தரவுத்தளத்தில் எங்கும் மிச்சமில்லை.

இன்னொன்றையும் நூலகர்தான் கவனித்தார். 'கொ' என்பதன் கொம்பும் காலும் சில பதிவுகளில் ஒரே குறியாகவும், சிலவற்றில் எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் இருந்தன. கண்ணுக்கு ஒன்றே, போஸ்ட்கிரெஸின் இயல்பான ஒப்பீட்டில் இரண்டும் வேறு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றால் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (இணைந்த ஒரே குறி) கொண்டுவந்தார்கள். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் 'ள' தட்டியிருந்த இடங்களை அது தொடாது. அவை கையால் திருத்தப்பட்டன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு தரவுத்தளங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு மாற்றங்களைத் தொடர்ந்து கடத்தும் முறையை ஆராய்ந்து விட்டுவிட்டார்கள். எழுத்துத் திருத்தம் இடையில் இருப்பதால் ஒவ்வொரு மாற்றத்தையும் வழியிலேயே திருத்த வேண்டிவரும். அதன் சிக்கல், ஓரிரவு தளத்தை மூடுவதால் வரும் இழப்பைவிடப் பெரிது. நள்ளிரவுக்குப் பின் ஆர்டர்கள் மிகக் குறைவு.

திருத்தங்களை மூல சர்வரில் செய்யவில்லை. மைஎஸ்க்யூஎல் நகல் சர்வர் ஒன்றை அமைத்து, நகலெடுப்பை நிறுத்திவிட்டு அதில் திருத்தி, அங்கிருந்து பிஜிலோடர் மூலம் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டார்கள். மூலம் கடைசிவரை கைபடாமல் இருக்கும், ஒத்திகையையும் எத்தனை முறை வேண்டுமானாலும் நடத்தலாம்.

நிலைப் புலத்தைச் சிறு முழுவெண்ணாகவே மாற்றும்படி பிஜிலோடருக்குத் தனி விதி எழுதப்பட்டது. உண்மையில் 0, 1 மட்டும் இருந்த புலங்களே பூலியன் ஆயின. சுழித் தேதிகள் நல் (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) ஆகும். இருபக்க இணைப்புகளுக்கும் நேர மண்டலம் இந்திய நேரம் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டது. மாதிரிப் பக்க பிளாப்களைக் கோப்புகளாக வெளியே எடுக்கும் ஆசை இருந்தும் தள்ளிவைத்தார்கள்: ஒரே இரவில் இரண்டு மாற்றங்கள் செய்தால், எது உடைத்தது என்று பிரித்தறிய முடியாது.

ஒத்திகைகள்

முதல் ஒத்திகை மாதிரிப் பக்க அட்டவணையில் நினைவகம் தீர்ந்து நின்றது. பிஜிலோடர் இயல்பாக ஒரு தொகுதிக்கு 25,000 பதிவுகள் வரை சேர்க்கும். பல மெகாபைட் கொண்ட பதிவுகளுக்கு அது தாங்காது. அந்த அட்டவணையைத் தனியாகப் பிரித்து, தொகுதியையும் முன்கூட்டிப் படிக்கும் அளவையும் சில நூறாகக் குறைத்ததும் ஓடியது. வேறொரு அட்டவணையில், வாடிக்கையாளர் குறிப்புகளில் ஒளிந்திருந்த சுழி பைட்டுகளைப் போஸ்ட்கிரெஸ் மறுத்தது. உரைப் புலத்தில் அதற்கு இடமே இல்லை. நகல் சர்வரிலேயே நீக்கினார்கள்.

சரிபார்ப்பு மூன்று அடுக்காக இருந்தது. பதிவு எண்ணிக்கை முதல் அடுக்கு, அதுதான் மிகப் பலவீனமானதும். இரண்டாவது, மாதவாரியாக ஆர்டர் தொகையின் கூட்டல். மூன்றாவது, ஒவ்வொரு பதிவின் எல்லாப் புலங்களையும் இணைத்து எம்டி5 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற சுருக்கம்) எடுத்து, 10,000 எண்கள் கொண்ட துண்டுகளாக இருபக்கமும் ஒப்பிடுவது. இதில் கவனிக்க ஒன்று உண்டு: பிரிப்பானுடன் இணைக்கும் செயற்கூறு இரண்டு தரவுத்தளங்களிலுமே நல் மதிப்பைத் தாண்டிப் போய்விடும். நல்லுக்கு ஓர் அடையாளச் சொல் இட்டு இணைத்தால்தான் புலம் இடம் மாறியது தெரியும். பூலியன், தேதி ஆகியவற்றை இருபக்கமும் ஒரே எழுத்து வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தசம எண்கள் தொல்லை தரவில்லை, மிதவை எண்கள் (தோராயமாகச் சேமிக்கப்படும் பின்ன எண்கள்) தந்தன. பணத்துக்கு மிதவை வகை பயன்படுத்தியிருந்த ஒரு பழைய அட்டவணை அப்போதுதான் கண்ணில் பட்டது.

செயலியின் வினவல்களைத் திருத்துவது அலுப்பான வேலை, ஆனால் மறைபொருள் இல்லை. பழைய லிமிட் எழுதுமுறை, டூப்ளிகேட் கீ அப்டேட், குரூப் கான்கேட் என மைஎஸ்க்யூஎல்-க்கே உரியவை எல்லாமே பிழைச் செய்தியோடு நிற்கும்; தேடித் திருத்திவிடலாம். பிழையே காட்டாமல் வேறு விடை தரும் வினவல்கள்தான் பின்னால் வந்து நின்றன.

மாற்றிய இரவு

இரவு 12 மணிக்குத் தளம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனது. மூல சர்வரிலும் யாரும் எழுத முடியாதபடி சூப்பர் ரீட் ஒன்லி இயக்கப்பட்டது. பணம் செலுத்தும் சேவையிலிருந்து வரும் அறிவிப்புகளுக்கு 503 ('இப்போது இயலாது') என்ற பதில் போகும்படி வைத்தார்கள். 200 ('சரி') என்று பதில் போனால் சேவை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். 503 கண்டால் மறுபடி அனுப்பும்.

நகல் சர்வர் கடைசி மாற்றம் வரை எட்டியதை உறுதிசெய்து நகலெடுப்பை நிறுத்தினார்கள். ஒத்திகையில் ஓடிய அதே நிரல்கள், அதே வரிசையில்: எழுத்துத் திருத்தம், ஏற்றம், என்எஃப்சி, வரிசை எண்களை ஒவ்வொரு அட்டவணையின் உச்ச எண்ணுக்கு நகர்த்துவது, பிறகு தரவின் புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ். கடைசியை விட்டால் வினவல் திட்டமிடலுக்குப் புள்ளிவிவரம் இருக்காது. நல்ல இண்டெக்ஸ் இருந்தும் முதல் சில மணி நேரம் தளம் தவழும்.

பின்வாங்கும் எல்லை முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது: புதிய தரவுத்தளத்தில் முதல் உண்மையான ஆர்டர் விழும்வரை பழையதற்குத் திரும்புவது ஒரு அமைப்பை மாற்றும் வேலை மட்டுமே. அதற்குப் பின்னும் திரும்ப வேண்டி வந்தால், முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு ஆர்டரும் கட்டணமும் தனிப் பதிவுக் கோப்பிலும் எழுதப்படும், அதை வைத்து மறு உள்ளீடு செய்யலாம். சரிபார்ப்பு மூன்றும் பொருந்திய பின், விடியுமுன் தளம் திறந்தது.

அடுத்த நாள்களில்

காலையில் முதல் புகார் முகப்புப் பக்கத்தைப் பற்றியது. 'புதிய வரவு' பகுதி முழுக்கத் தேதி தெரியாத பழைய நூல்கள். மைஎஸ்க்யூஎல்-இல் சுழித் தேதி எல்லாத் தேதிக்கும் கீழே. இறங்கு வரிசையில் கடைசியில் கிடக்கும். இப்போது அவை நல். போஸ்ட்கிரெஸ் இறங்கு வரிசையில் நல்லை முதலில் வைக்கும். சுழித் தேதி நல் ஆவதும், நல்லின் வரிசை மாறுவதும் தனித்தனியே தெரிந்த விஷயங்கள்தாம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. வினவலில் நல் கடைசி என்று குறித்து, இண்டெக்ஸையும் அதே வரிசையில் மறுபடி கட்டியதும் சரியானது.

சில வாடிக்கையாளர்களால் உள்நுழைய முடியவில்லை. பழைய தரவுத்தளம் மின்னஞ்சல் முகவரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராது. கடைசியில் ஒட்டிய வெற்றிடத்தையும் பாராது. புதியது இரண்டையும் பார்க்கும். முகவரிகளை ஒழுங்குபடுத்தி, சிறிய எழுத்து வடிவின் மீது தனித்துவ இண்டெக்ஸ் போட்டார்கள். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் மறுபடி பதிவுசெய்து இரண்டு கணக்குகள் உருவாகியிருந்தன. அவற்றை இணைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது சிக்கல் அன்றிரவு இருப்பு இறக்குமதியில். ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் (முழுதாக ஏற்கப்படும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்பு) ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்க்கும் நிரல் அது. ஏற்கெனவே உள்ள நூல் என்று பிழை வந்தால் பிடித்து விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். போஸ்ட்கிரெஸில் ஒரு கட்டளையில் பிழை வந்தால் அந்த டிரான்ஸாக்‌ஷனே முடங்கிவிடும். பின்வரும் எல்லாம் நிராகரிக்கப்படும். நிரல் வெற்றி என்று அறிவித்தது, ஒரு நூல்கூடச் சேரவில்லை. மோதினால் விட்டுவிடு என்ற பொருளுள்ள ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங் கொண்டு திருத்தினார்கள்.

இரண்டாம் வாரம் ஒரு தள்ளுபடி நாளில் இணைப்புகள் தீர்ந்தன. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சம் 100, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறை. எண்ணை ஏற்றாமல், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை இடையில் வைத்தது சரியான முடிவு.

கிடைத்த நன்மைகளில் வாசகர் கண்ணுக்குத் தெரிந்தது ஆசிரியர் அகரவரிசை. குறியெண் வரிசையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் வரும், ன என்பது ந-வை அடுத்து வரும், புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் போகும். 'அகம்' முடிந்த பிறகுதான் 'அக்கா' வரும். மொழிவாரி வரிசை விதிகள் கொண்ட ஐசியூ நூலகத்தின் (மென்பொருள் தொகுப்பு) தமிழ் வரிசையைப் பெயர்ப் புலங்களுக்கு வைத்தபின் பட்டியல் அகராதி முறைக்கு வந்தது. நூலகர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வரிசைப்படுத்தும் வினவல்கள் அனைத்தையும் தனியே பட்டியலிட்டு, இரு தரவுத்தளங்களிலும் ஓட்டி, விடைகளின் முதல் 50 பதிவுகளை ஒப்பிட வேண்டும். தரவைச் சரிபார்த்த அளவுக்கு விடைகளைச் சரிபார்க்கவில்லை என்பதே இங்கே பெரிய இடைவெளி.

மின்னஞ்சல், கூப்பன், ஐஎஸ்பிஎன் போல ஆள்கள் தட்டும் புலங்களை, பழைய தரவுத்தளத்தில் இருக்கும்போதே ஒழுங்குபடுத்திவிட வேண்டும். அங்கே மோதல்கள் தெரிந்தால் நிதானமாகத் தீர்க்கலாம்.

பிழையைப் பிடித்து விழுங்கும் இடங்களை நிரல் முழுவதும் தேடி எடுக்க வேண்டும். இரவுப் பணிகள் அனைத்தும், மாதம் ஒருமுறை ஓடும் பதிப்பாளர் கணக்குத் தீர்வு உட்பட, ஒத்திகைத் தரவுத்தளத்தில் ஒருமுறையாவது முழுதாக ஓட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்-ஐக் கண்டிப்பான முறைக்கு மாற்றுவது இடமாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்பே நடந்திருக்கலாம். சுழித் தேதி, வெட்டுண்ட தலைப்பு இரண்டும் அப்போதே வெளியே வந்திருக்கும். வேறு எதையும் மாற்றாத நாளில், ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கலாம்.

பழைய மைஎஸ்க்யூஎல் சர்வர் படிக்க மட்டும் என்ற நிலையில் ஒரு முழு நிதியாண்டு முடியும்வரை வைக்கப்பட்டது. பதிப்பாளர் ஒருவர் பழைய கணக்கைக் கேட்டபோது இருமுறை அது பயன்பட்டது. அதன் பின் கடைசிக் காப்புப்பிரதியை, எழுத்துத் திருத்த நிரல்களோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, சர்வரை நிறுத்தினார்கள்.